45-இல் 4 எங்கே இருக்கிறது?

நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே வந்துவிடும் பயிற்சி இது: ஓர் எண்ணை வாங்கிக்கொள், அதை இருநிலை எண்ணாக மாற்றி அச்சிடு. 45 கொடுத்தால் 101101 வர வேண்டும். வழி பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்ததுதான். 2-ஆல் வகு, மீதியைக் குறித்துக்கொள், ஈவை மறுபடி 2-ஆல் வகு, ஈவு சுழியாகும்வரை விடாதே, மீதிகளைக் கீழிருந்து மேலாகப் படி. ஐந்தாறு வரிகளில் நிரல் முடிந்துவிடும். விடை வந்ததும் மாணவர் அடுத்த பயிற்சிக்குப் போய்விடுவார்.

இந்தப் பயிற்சிக்குப் பெரும்பாலும் 'பதின்ம எண்ணை இருநிலை எண்ணாக மாற்றுதல்' என்று தலைப்புக் கொடுத்திருப்பார்கள். கோளாறு அந்தத் தலைப்பிலேயே தொடங்குகிறது. நிரல் ஓடும் நேரத்தில் கணினிக்குள் பதின்ம எண் என்று எதுவும் இருப்பதில்லை. மாணவர் மாற்றுவதாக நினைக்கும் பொருளே அங்கே கிடையாது.

விசைப்பலகையில் 4-ஐயும் 5-ஐயும் தட்டும்போது கணினிக்குப் போய்ச் சேர்வது நாற்பத்தைந்து அல்ல, இரண்டு எழுத்துகள். 'க', 'ச' போல அவையும் வெறும் எழுத்துகள்தான். ஆஸ்கி முறையில் '4' என்ற எழுத்துக்குக் குறியீட்டு எண் 52, '5' என்ற எழுத்துக்கு 53. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு கூட்டவோ கழிக்கவோ முடியாது. பைத்தான் மொழியில் 'இன்ட்' என்று ஒரு செயற்கூறை அழைக்கிறோமே, அது செய்யும் வேலை இதுதான்: 52-இலிருந்து, '0' என்ற எழுத்தின் குறியீட்டு எண்ணான 48-ஐக் கழித்து 4 என்று அறிகிறது, 53-இலிருந்து 48-ஐக் கழித்து 5 என்று அறிகிறது, முதலாவதைப் பத்தால் பெருக்கி இரண்டாவதைக் கூட்டுகிறது. அதன் பிறகுதான் நினைவகத்தில் நாற்பத்தைந்து என்ற அளவு உருவாகிறது. உருவாகும்போதே அது பிட்களாக, 101101 என்றுதான் உட்காருகிறது.

அப்படியானால் மாணவர் எழுதிய ஐந்தாறு வரிகள் செய்தது என்ன? ஏற்கெனவே பிட்களாக இருந்த ஓர் அளவை, '1', '0', '1', '1', '0', '1' என்ற ஆறு எழுத்துகளாக எழுதிக்காட்டியது. இருநிலைக்கு மாற்றவில்லை, எழுத்துக்கு மாற்றியது. அதே எண்ணைச் சும்மா அச்சிடச் சொன்னாலும் திரையில் 45 என்று வருகிறதே, அதற்குப் பின்னாலும் பத்தால் வகுத்து மீதி எடுக்கும் இன்னொரு நிரல் ஓடியிருக்கிறது. மூன்று மாற்றங்கள் நடந்த இடத்தில் மாணவர் கண்ணில் பட்டது ஒன்றுதான்.

தமிழ் இலக்கங்களை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். பைத்தானிடம் '௪௫' என்ற சரத்தைக் கொடுத்து எண்ணாக்கச் சொன்னால் மறுப்புச் சொல்லாமல் 45 தருகிறது. ஒருங்குறியில் தமிழ்ச் சுழிக்கு 3046 என்ற இடம். '௪' அங்கிருந்து நான்கு தள்ளி 3050-இல் இருக்கிறது. கழித்தால் 4. ஆனால் பழைய கணக்கு ஏடுகளில் எழுதும் முறைப்படி '௪௰௫' என்று கொடுத்தால் பிழை என்று நின்றுவிடும். பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறிகளான ௰, ௱, ௲ ஆகியவை இலக்கங்கள் அல்ல. இடமதிப்பு இல்லாத எழுத்துமுறைக்கு உரியவை. நாற்பத்தைந்து என்ற அளவு மட்டும் மூன்று எழுத்துமுறைக்கும் பொதுவாக, அப்படியே இருக்கிறது. எழுதும் விதம்தான் வேறு.

என்னைக் கேட்டால், இந்தப் பயிற்சியை இரண்டில் தொடங்கவே கூடாது. பத்தில் தொடங்க வேண்டும். அடிமானம் எதுவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி நிரலை எழுதி, முதலில் 45-ஐப் பத்தடிமானத்தில் எழுதச் சொல்ல வேண்டும். 'அதுதான் ஏற்கெனவே 45 ஆயிற்றே' என்று மாணவர் முணுமுணுப்பார். நிரலை ஓட்டிப் பார்த்தால் 45-ஐப் பத்தால் வகுத்து மீதி 5, ஈவு 4-ஐப் பத்தால் வகுத்து மீதி 4, ஈவு சுழி. கீழிருந்து படித்தால் 4, 5. எண்ணுக்குள் 4 என்ற இலக்கம் எங்கேயும் சேமித்து வைக்கப்பட்டிருக்கவில்லை, வகுத்தலால்தான் அது வெளிவந்தது என்பது அங்கே பிடிபடும். மீதியை ஏன் எடுக்கிறோம் என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் கிடைக்கும். 1957-ஐப் பத்தால் வகுத்தால் மீதி 7, ஏனென்றால் 1950 முழுவதும் பத்தின் மடங்கு. கடைசி இலக்கத்துக்கு முன்னால் இருப்பது எல்லாமே அடிமானத்தின் மடங்கு. மீந்து நிற்பது கடைசி இலக்கம். இரண்டுக்கும் ஏழுக்கும் பதினாறுக்கும் இதே நியாயம்தான். 45-ஐ ஏழடிமானத்தில் எழுதினால் 63, ஏனென்றால் ஆறு ஏழும் ஒரு மூன்றும்.

அடிமானம் எல்லா இடத்துக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. 10,000 விநாடியை மணி, நிமிடம், விநாடியாகச் சொல் என்றால் 60-ஆல் வகுக்கிறோம்: மீதி 40, ஈவு 166. மறுபடி 60-ஆல் வகுத்தால் மீதி 46, ஈவு 2. ஆக 2 மணி 46 நிமிடம் 40 விநாடி. 1957 ஏப்ரல் 1-க்கு முன் கடைக் கணக்கு எழுதியவர்களுக்கு இதைவிடக் கடினமான பயிற்சி தினமும் இருந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. 1000 தம்பிடியை முதலில் 12-ஆல் வகுக்க வேண்டும்: மீதி 4, ஈவு 83. பிறகு 16-ஆல் வகுக்க வேண்டும்: மீதி 3, ஈவு 5. ஐந்து ரூபாய் மூன்று அணா நான்கு தம்பிடி. ஒவ்வொரு படியிலும் வேறு அடிமானம். புது நாணயம் வந்த அன்று இந்தியா செய்தது ஓர் அடிமான மாற்றம்தான்.

எதிர்த்திசையிலும் போகலாம். 101101 என்ற சரத்தைப் படித்து எண்ணாக்க வேண்டும். 32, 16, 8, 4, 2, 1 என்று இடமதிப்புகளை எழுதிவைத்துக் கூட்டுவது ஒரு வழி. பள்ளியில் அதுதான் பழக்கம். ஆனால் நிரலுக்கு அதைவிட எளிய வழி உண்டு. சுழியில் தொடங்கி, இடமிருந்து வலமாக ஒவ்வோர் இலக்கத்துக்கும் கையிலிருப்பதை இரட்டித்து, அந்த இலக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால் போதும். 1, 2, 5, 11, 22, 45. அடுக்குகளைக் கணக்கிடும் தொல்லையே இல்லை. இப்போது வகுத்தலில் வந்த ஈவுகளைத் திரும்பப் பாருங்கள்: 45, 22, 11, 5, 2, 1. அதே எண்கள், தலைகீழாக. எழுதுவதும் படிப்பதும் ஒரே பாதையில் போகவும் வரவும் நடக்கும் வேலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மீதிகள் ஏன் தலைகீழாக வருகின்றன என்று மாணவர்கள் கேட்பார்களே, அதற்கும் பதில் இதில் இருக்கிறது. பெருக்கிக் கூட்டும் இந்த முறை 1819-இல் வெளிவந்த ஒரு கட்டுரையை ஒட்டி ஆங்கிலேயர் ஹார்னரின் பெயரில் வழங்குகிறது. சீனக் கணித அறிஞர் சின் சியூஷாவ் 1247-இல் எழுதிய நூலிலேயே அது இருக்கிறது.

தொடக்கநிலையில் எல்லாரும் செய்யும் பிழைகளில் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். மீதிகளைச் சரமாகக் கோக்காமல், இன்னோர் எண்ணாகவே கட்டுவார்கள்: முதல் மீதியை ஒன்றால் பெருக்கு, அடுத்ததைப் பத்தால், அதற்கடுத்ததை நூறால் பெருக்கிக் கூட்டு. திரையில் 101101 என்றுதான் வரும், விடை சரிபோலத்தான் இருக்கும். ஆனால் அந்த மாறியில் இருப்பது நாற்பத்தைந்து அல்ல. ஒரு லட்சத்து ஓராயிரத்து நூற்றொன்று. அதோடு ஒன்றைக் கூட்டினால் 101102 வரும். இருநிலை எண்ணில் 2 எப்படி வந்தது என்று மாணவர் திகைப்பார். சி++ மொழியில் எழுதியிருந்தால் இன்னொரு வேடிக்கை. அங்கே சாதாரண முழு எண் மாறி வழக்கமாக 32 பிட் கொண்டது. 2,14,74,83,647 வரைதான் தாங்கும். 1023-ஐக் கொடுத்தால் பத்து ஒன்றுகள், 1,11,11,11,111 என்று பிழைத்துவிடும். 1024-ஐக் கொடுத்தால் ஆயிரம் கோடியை அந்த மாறிக்குள் திணிக்கப் பார்க்கும், ஏதோ ஒரு குப்பை எண் வெளியே வரும். 1023 வரை சோதித்துவிட்டுத் திருப்தியாக அனுப்பிய நிரல்கள் எத்தனையோ இருக்கும். எண்ணையும் இலக்கத்தையும் ஒன்றாக நினைத்ததன் விலை அது.

சுழியைக் கொடுத்தால் சுற்று ஒருமுறைகூட ஓடாமல் வெற்றுச் சரம் வருவது சில்லறைப் பிழை. ஒரு வரியில் சரிசெய்யலாம். எதிர்ம எண்ணைக் கொடுத்தால் வருவதுதான் சுவையானது. சி++ மொழியில் -7-ஐ 2-ஆல் வகுத்தால் ஈவு -3, மீதி -1. இலக்கமாக -1 வந்து நிற்கும். பைத்தானில் ஈவு எப்போதும் கீழ்நோக்கி முழுமையாக்கப்படும்: ஈவு -4, மீதி 1. அடுத்து -2, மீதி 0. அடுத்து -1, மீதி 0. அடுத்து -1-ஐ இரண்டால் வகுத்தால் ஈவு மறுபடியும் -1, மீதி 1. அதற்கடுத்தும் அப்படியே. ஈவு சுழியாகும்வரை ஓடச் சொன்ன சுற்று நிற்கவே நிற்காது, ஒன்றுகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். நிரல் தொங்கிவிட்டது என்று மாணவர் நிறுத்திவிடுவார். கொட்டியதை மட்டும் பாருங்கள்: வலக்கோடியில் 001, அதற்கு இடப்புறம் முடிவில்லாத ஒன்றுகள். எட்டு பிட்டோடு வெட்டினால் 11111001. கணினிகள் -7-ஐ நினைவகத்தில் எழுதிவைக்கும் 2-இன் நிரப்பு முறை இதுவேதான். எதிர்ம எண்ணுக்கு இடப்பக்கம் முடிவின்றி ஒன்றுகள் இருப்பதாகக் கொண்டு, இருக்கிற இடத்தோடு வெட்டிக்கொள்கிறார்கள். பாடநூல் 'எல்லா பிட்டையும் புரட்டி ஒன்றைக் கூட்டு' என்று சூத்திரமாகச் சொல்வதை, தொங்கிப்போன நிரல் காரணத்தோடு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டால் வகுத்து வடிவத்தைக் கண்டெடுக்கும் இந்த உத்தி கணினிக்கு ஈராயிரம் ஆண்டு மூத்தது. பிங்கலரின் சந்த நூல், லகு, குரு என்ற இருவகை அசைகளை அடுக்கினால் கிடைக்கும் எல்லா வடிவங்களையும் ஒரு வரிசையில் வைக்கிறது. வரிசையில் ஆறாவது வடிவம் எது என்று, முழுப் பட்டியலையும் எழுதாமல் சொல்ல முடியுமா? அதற்கு ஒரு விதி தருகிறார். எண் இரட்டைப்படையாக இருந்தால் பாதியாக்கி லகு எழுது; ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்று கூட்டிப் பாதியாக்கிக் குரு எழுது. மூவசை வடிவங்களில் ஆறாவது: 6 இரட்டை, லகு, பாதி 3. 3 ஒற்றை, குரு, நான்கில் பாதி 2. 2 இரட்டை, லகு. லகு, குரு, லகு. இதை இன்றைய கண்ணால் பார்த்தால், ஆறிலிருந்து ஒன்றைக் கழித்த ஐந்தின் இருநிலை வடிவம் 101. லகுவை 1 என்றும் குருவை 0 என்றும் கொண்டால் அச்சாகப் பொருந்துகிறது. ஒன்று கூட்டும் அந்தச் சிறு சடங்கு ஏன் என்றால், அவர் வரிசையைச் சுழியிலிருந்து எண்ணாமல் ஒன்றிலிருந்து எண்ணுகிறார். நிரலர்களை இன்றும் படுத்தும் 'ஒன்று கூடுதலா, ஒன்று குறைவா' தொல்லையை அவர் விதிக்குள்ளேயே தீர்த்து வைத்துவிட்டார். லைப்னிட்ஸ் சுழியையும் ஒன்றையும் மட்டும் கொண்ட எண்கணிதத்தை விளக்கிய கட்டுரை 1703-ஆம் ஆண்டுக்கு உரியது.

தமிழ் யாப்பும் இரண்டின் அடுக்கில்தான் வளர்கிறது. நேர், நிரை என்று அசை இரண்டு. ஈரசைச்சீர் நான்கு, மூவசைச்சீர் எட்டு, நாலசைச்சீர் பதினாறு. நேரைச் சுழி என்றும் நிரையை ஒன்று என்றும் வைத்தால் தேமா 00, கூவிளம் 01, புளிமா 10, கருவிளம் 11. இதனால் தமிழர்கள் இருநிலை எண்முறையைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று யாரும் மேடையேற வேண்டாம். இலக்கண நூல்கள் வாய்பாடுகளைப் பட்டியலாகத் தருகின்றன. பிங்கலரிடம் இருப்பது போல, வரிசை எண்ணிலிருந்து வடிவத்துக்குப் போகும் வழிமுறைதான் எண்முறைக்கு நெருக்கமானது.

கணினி என்றாலே இருநிலை என்று இன்று பழகிவிட்டது. தொடக்கத்தில் அப்படி இல்லை. 1946-இல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் ஒரு பதின்மக் கணினி. ஒவ்வோர் இலக்கத்துக்கும் பத்து நிலைகள் கொண்ட ஒரு வளையம். அந்தப் பத்தில் ஏதேனும் ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருக்கும். ஓர் இலக்கத்துக்கு நான்கு பிட் போதுமான இடத்தில் பத்து மின்சுற்றுகள். அதே ஆண்டு பர்க்ஸ், கோல்ட்ஸ்டைன், வான் நாய்மன் மூவரும் எழுதிய அறிக்கை அடுத்த கணினி இருநிலையில்தான் இருக்க வேண்டும் என்று வாதிட்டது. மனிதர்கள் பத்தில்தானே எழுதுவார்கள் என்ற எதிர்ப்புக்கு அவர்கள் சொன்ன பதில் நம் பயிற்சிதான்: உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கணினியே மாற்றிக்கொள்ளட்டும், மொத்த வேலையில் அதற்கு ஆகும் நேரம் அற்பம். ஆனாலும் பதின்மக் கணினிகள் உடனே மறையவில்லை. 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் வந்திறங்கி, இந்தியாவில் கணினிக் கல்விக்கு வழிதிறந்த ஐ.பி.எம். 1620-உம் பதின்மக் கணினியே.

மாற்றிக்கொள்ளலாம், அற்பம் என்ற அந்த வாதம் முழு எண்களுக்குச் சரி. பின்னம் வந்தால் சிக்கல். முழு எண்ணை வகுத்தோம். பின்னத்தைப் பெருக்க வேண்டும். 0.1-ஐ எடுத்துக்கொள்வோம். இரண்டால் பெருக்கினால் 0.2, முழுப்பகுதி 0. பிறகு 0.4, 0. பிறகு 0.8, 0. பிறகு 1.6, முழுப்பகுதி 1, 0.6-ஐ வைத்துக்கொள். பிறகு 1.2, 1, 0.2 மிச்சம். இந்த 0.2-ஐ முன்பே பார்த்துவிட்டோம். இனி அதே சுற்றுத்தான்: 0.0001100110011 என்று முடிவில்லாமல் போகும். பத்தடிமானத்தில் மூன்றில் ஒன்று எப்படி 0.333 என்று முடியாமல் ஓடுகிறதோ, அப்படியே இரண்டடிமானத்தில் பத்தில் ஒன்று. காரணம், பத்துக்குள் ஐந்து என்ற காரணி இருக்கிறது. இரண்டின் எந்த அடுக்கும் ஐந்தால் மீதியின்றி வகுபடாது. எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். 0.1-உம் 0.2-உம் கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்று காட்டுவது அந்த வெட்டுக் காயம்தான்.

நம் பழைய பின்ன வாய்பாட்டையே இந்தச் சல்லடையில் போட்டுப் பார்க்கலாம். அரை, கால், அரைக்கால், பதினாறில் ஒன்றான மாகாணி எல்லாம் இருநிலையில் அழகாக முடிந்துவிடும், மாகாணி 0.0001. இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி, 320-இல் ஒன்றான முந்திரி மூன்றும் முடியாது, மூன்றிலும் ஐந்து ஒளிந்திருக்கிறது. பத்தடிமானத்தில் எல்லாமே முடியும், முந்திரி 0.003125.

வெட்டுவது எப்போதும் திரையில் ஓர் அழுக்கு இலக்கத்தோடு போய்விடுவதில்லை. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், வரும் ஏவுகணையைத் தடுக்க வேண்டிய அமெரிக்கப் பேட்ரியட் அமைப்பு இலக்கைத் தவறவிட்டது. ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை படைவீரர் தங்குமிடத்தில் விழுந்து 28 பேர் இறந்தார்கள். அந்த அமைப்பின் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி அலகில் முழு எண்ணாக எண்ணியது. அதை விநாடியாக்க 0.1-ஆல் பெருக்கியது, அந்த 0.1 இருபத்து நான்கு பிட் இடத்தில் வெட்டி வைக்கப்பட்டிருந்தது. வெட்டில் போனது ஏறக்குறைய 0.000000095. கண்ணுக்குத் தெரியாத இந்த அளவு, அமைப்பு நிறுத்தாமல் சுமார் நூறு மணி நேரம் ஓடியபோது 36 லட்சம் முறை பெருகியது. விளைவு 0.34 விநாடிப் பிசகு. ஸ்கட் அந்த நேரத்தில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள், பிப்ரவரி 26.

முழு எண்களுக்கு 'அற்பம்' என்று சொன்னதும் அண்மையில் ஆட்டம் கண்டது. 2022 செப்டம்பரில் வெளியான பைத்தான் திருத்தப் பதிப்புகளில் ஒரு புதிய கட்டுப்பாடு வந்தது: 4300 இலக்கத்துக்கு மேற்பட்ட பதின்மச் சரத்தை எண்ணாக்கவோ, அத்தனை பெரிய எண்ணைப் பதின்மச் சரமாக்கவோ கேட்டால் பைத்தான் மறுத்துவிடும். தொடக்கநிலைப் பயிற்சியாக எல்லாரும் எழுதும் அந்த நிரல், பாதுகாப்பு ஓட்டையாகப் பதிவாகியிருந்தது.

ஓட்டை எப்படி? பைத்தான் பெரிய எண்களை உள்ளே 30 பிட் துண்டுகளாக வைத்துக்கொள்கிறது. அதாவது அதன் சொந்த அடிமானம் சுமார் 107 கோடி. நாம் 45 என்பதில் 4, 5 என்று இலக்கம் போடுவதுபோல் அது 107 கோடி விதமான இலக்கங்களைப் போடுகிறது. இதைப் பத்தடிமானத்துக்குக் கொண்டுவர, ஒவ்வொரு வகுத்தலின்போதும் முழு எண்ணையும் ஒரு முறை மேய்ந்தாக வேண்டும். இலக்கம் இரு மடங்கானால் வகுத்தல்களின் எண்ணிக்கையும் இரு மடங்கு, ஒவ்வொரு வகுத்தலின் நீளமும் இரு மடங்கு. ஆக நேரம் நான்கு மடங்கு. பத்து மடங்கு நீளமான சரத்துக்கு நூறு மடங்கு நேரம். ஐந்து லட்சம் இலக்கம் கொண்ட ஒரு சரத்தைப் படிக்க வேகமான கணினிக்கும் ஒரு விநாடிக்கு மேல் ஆகும். இணையச் சேவை ஒன்றுக்கு யாரோ ஒருவர் இப்படிப்பட்ட சரங்களை வரிசையாக அனுப்பினால் சேவையகம் வகுத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும், மற்றவர்களுக்குப் பதில் வராது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, 2, 4, 8, 16, 32 ஆகிய அடிமானங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பதினாறடிமானத்தில் எழுத வகுக்கவே வேண்டாம். பிட்களை வலமிருந்து நான்கு நான்காகப் பிரித்துப் படித்தால் போதும். 101101 என்பது 10, 1101 என்று பிரியும், 2-உம் 13-உம். பதின்மூன்றுக்கு ஆங்கில எழுத்து 'டி'யை எழுதுவது வழக்கம். இடக்கோடியில் எத்தனை பிட்கள் சேர்ந்தாலும் வலக்கோடி இலக்கம் அசையாது. 45-க்கு முன்னால் ஒரு பிட்டைச் சேர்த்து 1101101 ஆக்கினால் அது 109. பதினாறடிமானத்தில் கடைசி இலக்கம் அதே 'டி'தான். பத்தடிமானத்தில் 5 போய் 9 வந்துவிட்டது. பதின்மக் கடைசி இலக்கம் எண்ணின் எல்லா பிட்களையும் சார்ந்தது. அதனால்தான் மொத்தத்தையும் மேய வேண்டியிருக்கிறது. கணினிக்காரர்கள் பதினாறடிமானத்தை விரும்புவது அதன் அழகுக்காக அல்ல, அது இருநிலையைப் படிப்பதற்கான சுருக்கெழுத்து என்பதற்காக.

நான்கு மடங்குச் சாபத்துக்கு மாற்று இல்லாமல் இல்லை. பத்து லட்சம் இலக்கம் கொண்ட எண்ணைப் பத்தாலோ நூறு கோடியாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளாமல், பத்தின் ஐந்து லட்சமாவது அடுக்கால் ஒரே வெட்டாக வகுத்தால் ஈவு ஒரு பாதி, மீதி மறு பாதி. ஒவ்வொரு பாதியையும் மறுபடி பாதியாக்கலாம். பெரிய எண்களைப் பெருக்கவும் வகுக்கவும் வேகமான வழிகள் இருந்தால்தான் இதில் லாபம். அப்படி ஒரு வழி இருக்க முடியும் என்பதையே 1960-இல், 23 வயதில், மாஸ்கோவில் கராட்சுபா காட்டிய பிறகுதான் உலகம் நம்பியது. பாதியாக வெட்டும் இந்த முறை 2023-இல் வந்த 3.12 பதிப்பிலிருந்து பைத்தானுக்குள் இருக்கிறது. 4300 என்ற எல்லையை மட்டும் அதன் பிறகும் எடுக்கவில்லை. தேவைப்படுகிறவர் தம் நிரலில் தாமே அதைத் தளர்த்திக்கொள்ளலாம்.